ஏழாம் மாடியின் சூடு

என் தம்பி நெவிலை யாரும் ஏமாற்றியதில்லை. இங்கிலாந்தில், ஷெஃபீல்ட் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தான். போலி பாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க மாட்டான். கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவான். பிடிபட்டவனைத் திட்டவும் மாட்டான். "அடுத்த தடவை நல்ல பேப்பர்ல அடி, கண்ணு" என்று சொல்லி இறக்கிவிடுவான். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. பணிமனையில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அவன் கவனமெல்லாம் கைப்பேசியின் மேல் போயிற்று. பரிசு விழுந்திருக்கிறது, பார்சல் வந்திருக்கிறது என்று வரும் மோசடிச் செய்திகளைக் கண்டுபிடித்து அழிப்பான். அவன் குடியிருந்த ஏழாம் மாடிக்காரர்கள் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் அவனிடம்தான் காட்டுவார்கள்.

எரிவாயு விலை எகிறிய குளிர்காலத்தில் அரசாங்கம் உதவி அறிவித்தது. எங்கள் வீட்டைச் சூடாக்கத் தனிக் கொதிகலன் என்பதால் கேட்காமலே பில்லில் கழித்துவிட்டார்கள். நெவிலின் கட்டடத்திலோ எல்லா வீட்டுக்கும் சேர்த்து அடித்தளத்தில் ஒரே கொதிகலன். உதவி அதை நடத்தும் கம்பெனிக்குப் போகும். கம்பெனி வீடு வீடாகக் கழித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் விலையேற்றம் முந்திக்கொண்டது. சுவர் மீட்டரில் புது விலையைப் பார்த்ததும் நெவில் தன் வீட்டுக்கு வரும் வெப்பத்தை அடியோடு நிறுத்திவிட்டான். அவனுக்கு நுரையீரல் நோய்.

ஒருநாள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உங்க கட்டணம் குறையுது, விவரத்தை உறுதி பண்ணுங்கன்னு மெசேஜ். கீழே ஒரு லிங்க். காசை வாங்கிக்கோன்னு அரசாங்கம் என்கிட்ட கெஞ்சுதாம்!"

"நிஜமா இருந்துட்டா?"

"நிஜம் எது, போலி எதுன்னு தெரிஞ்சிருந்தா நீ கெவினைக் கட்டியிருப்பியா மாவிஸ்?"

"உன் வாய் இருக்கே! கம்பெனி ஆபீஸ்ல கேட்டுப் பாருடா."

"கம்பெனின்னு சொல்லிக்கிட்டு அவங்களேதான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்க. நம்பரையே பிளாக் பண்ணிட்டேன்."

பிறகு இருமினான். இருமல் நிற்கும்வரை போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அவனைக் கூப்பிடுவேன். அவன் குரலைக் கேட்ட பிறகுதான் தேநீர் இறங்கும்.

ஜனவரியில் ஒரு காலை போனை எடுத்தான். பேச்சு குழறியது.

"பாஸைக் காட்டுங்க, அம்மா."

"நெவ், நான் மாவிஸ்டா."

"பாஸ் இல்லன்னா இறங்குங்க."

விளையாடுகிறான் என்று நம்பத்தான் பார்த்தேன். பின்னால் சிரிப்பு வரவில்லை. கெவின் காரை எடுத்தார்.

ஏழாம் மாடித் தாழ்வாரம் எப்போதும்போல் அடுப்பங்கரையாய்க் கொதித்தது. கூரையடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்களுக்கு யாரும் உறை போட்டதில்லை. என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். உள்ளிருந்து வந்த குளிர் முகத்தில் அறைந்தது. நெவில் கோட்டும் தொப்பியுமாகக் கட்டிலில் கிடந்தான். நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். கையைத் தொட்டேன், குளிரூட்டிய இறைச்சியைத் தொட்டதுபோல் இருந்தது.

என் அலறலில் பக்கத்து வீட்டு செலாம் ஓடிவந்தாள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும், தேய்க்காதீர்கள், சூடான இடத்தில் அசையாமல் படுக்க வையுங்கள் என்றார்கள் போனில்.

"உங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாமா?"

"என் வீடும் இப்படித்தான் இருக்கு. வெளியே கொண்டாங்க. இந்த வராந்தாவை விடச் சூடு எங்க இருக்கு?"

மூவருமாகக் கம்பளியோடு மெல்லத் தூக்கிக் குழாய்களுக்கு அடியில் கிடத்தினோம். அவன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று வந்தால் அடுத்தது வருமா என்றிருந்தது.

"நானும் பாப்பாவும் சாயங்காலமானா இங்கதான் உக்காருவோம்" என்றாள் செலாம். "கட்டணம் குறையுதுன்னு எனக்கும் ஒரு மெசேஜ் வந்துச்சு. மிஸ்டர் நெவில் பாத்துட்டு அழிச்சிடுன்னார். நல்லவேளை, இல்லன்னா இருக்கிற காசும் போயிருக்கும்."

கம்பளியை நெவிலின் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

நெவில் பிழைத்தான். அவன் மருத்துவமனையில் இருந்தபோது நான் கம்பெனி அலுவலகத்துக்கே நேரில் போனேன். செய்தி உண்மைதான். பதில் சொல்லாத வீடுகளுக்குக் கட்டணக் கழிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சொன்னால் இனியும் கிடைக்கும். கட்டிலருகே உட்கார்ந்து அவனிடம் சொன்னேன்.

"செலாமுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல."

"நான் எத்தனை பேர்கிட்ட அழிக்கச் சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல மாவிஸ். மேல் மாடிக்காரங்களும் வந்து காட்டினாங்க."

வீடு திரும்பிய அன்று லிஃப்டை விட்டு இறங்கியதும் தன் கதவுக்குப் போகவில்லை. செலாமின் கதவின் முன் போய் நின்றான். தட்டக் கையைத் தூக்கியபோது உள்ளே குழந்தை இருமியது. நெஞ்சின் அடியிலிருந்து வரும், ஈரமான இருமல். நெவிலின் கை அந்தரத்தில் நின்றது.

"நீ தட்டேன், மாவிஸ்."

நான் அசையவில்லை. அந்த இருமல் எனக்கும் கேட்டது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்ல வேண்டியவன் அவன்.

குழந்தை மறுபடி இருமியது. நெவில் தட்டினான்.