ஏட்டி என்றால் எண்பது இல்லை

என் தங்கையின் ஆல்பம் வெளியான காலையில் நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்னொரு காது தொட்டிலுக்கு. மகளுக்கு ஒன்றரை வயது. அவள் புரண்டு படுக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால், ஏன் கேட்கவில்லை என்று போய்ப் பார்ப்பேன். அப்படிப்பட்ட காதில்தான் அந்த முதல் பாட்டு விழுந்தது. இரும்புக் கதவைத் தரையோடு இழுப்பது போல ஒரு கிட்டார். அதன் அடியில் நிற்காமல் ஓடும் ஏதோ இயந்திரம். திடீரென்று எல்லாம் நின்று அவள் குரல் மட்டும். புளித் தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றேன். கையெல்லாம் புல்லரித்திருந்தது.

சென்னையில் அவளும் மூன்று பையன்களும் சேர்ந்து செய்த ஆல்பம் அது. எழுதுவதும் பாடுவதும் அவள், வாத்தியங்கள் அவர்கள். முன்பாதிக்கு இண்டஸ்ட்ரியல் ராக் என்று பெயராம், தொழிற்சாலைச் சத்தத்தையே தாளமாக்குவது. பின்பாதி ட்ரிப்-ஹாப். அதில் தாளம் மெதுவாகவும் கனமாகவும் போகும், பேஸ் கிட்டார் அடிவயிற்றில் நடக்கும், அவள் காதோடு ரகசியம் சொல்வது போலப் பாடுவாள். நான் படித்தது கணிதம். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு பெரிய நிபுணர் மாதிரி நானே மற்றவர்களுக்கு விளக்கினேன். விளக்கி முடித்ததும், சரியாகத்தான் சொன்னேனா என்று அவளுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்வேன்.

முதல் கருத்துகள் குடும்பத்திலிருந்து வந்தன. அப்பா ராஜபாளையத்தில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

"பேரிங் போயிருச்சி," என்றார்.

"அப்பா, அது பாட்டு."

"பாட்டுதாம்மா. பாட்டுலயும் பேரிங் போவும். செத்த கிரீஸ் வச்சிப் பாக்கச் சொல்லு."

அம்மாவுக்குத் தொண்டைக் கவலை. "நல்லாத்தான பாடுவா? சின்னதுல எம்புட்டுப் பரிசு வாங்குனா! இப்ப எதுக்கு யாரையோ வெரட்டுத மாதிரி கத்துதா? தொண்ட என்னத்துக்கு ஆவும்?" என் கணவர் பொறுமையாகக் கடைசிப் பாட்டுவரை கேட்டுவிட்டு, இது கரண்ட் போன வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டியது என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் மாமியாரும் கேட்டார். ட்ரிப்-ஹாப் பாட்டு ஒன்றைப் பிள்ளையைத் தூங்கவைக்கப் போட்டிருந்தேன். "தண்ணித் தொட்டி நெறஞ்சி சொட்டுத மாதிரி இருக்கு. நல்லாருக்கு. புள்ளையும் தூங்கிட்டா பாரு. யாரு பாடுதது?" என்றார். என் தங்கை என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்படியானால் முதல் பாட்டையும் போடு என்று சொல்லிவிட்டால்? "மெட்ராஸ்ல ஒரு பொண்ணு, அத்தை," என்று முடித்துக்கொண்டேன்.

அதற்குள் இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் எழுத ஆரம்பித்திருந்தார்கள். தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே அத்தனையையும் படித்தேன். "ஒரு பெண் குரலில் இவ்வளவு இரும்பை நான் கேட்டதில்லை" என்று ஒருவர். "ஹெட்போனில் கேளுங்கள், மாமனார் வீட்டில் கேட்காதீர்கள்" என்று இன்னொருவர். "முன்பாதி தலைவலி, பின்பாதி மாத்திரை" என்றும் ஒருவர் எழுதினார். தலைவலிக்குக் கோபப்படுவதா மாத்திரைக்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் அதற்கு ஒரு லைக் போட்டேன். போட்டதை எடுத்தேன். பிறகு திரும்பவும் போட்டேன்.

பெரிய சண்டை இரண்டாவது பாட்டைப் பற்றித்தான். அதில் இயந்திரச் சத்தம் ஏறிக்கொண்டே போய் உச்சத்துக்கு வரும்போது அவள் "ஏட்டீ!" என்று கத்துவாள். எங்கள் பக்கம் பெண்களைக் கூப்பிடும் சொல் அது. தோழியை, தங்கையை, மகளைக் கூப்பிடுவது. கோபத்திலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான். ஆனால் சென்னையிலும் பெங்களூரிலும் கேட்டவர்கள் காதில் அது ஆங்கிலமாகப் போய் விழுந்தது: எய்ட்டி. எண்பது.

எதற்காக எண்பது என்று ஆளாளுக்கு ஆராய்ந்தார்கள். எண்பதுகளின் இசைக்கு அஞ்சலி என்றார் ஒருவர். நிமிடத்துக்கு எண்பது தாளம் என்றார் இன்னொருவர். நான் எண்ணிப் பார்த்தேன், அதைவிட வேகம் என்று மூன்றாமவர் மறுத்தார். நீண்ட விமர்சனம் எழுதும் ஒருவர், எண்பது என்ற எண்ணை மீண்டும் மீண்டும் உச்சரிப்பதன் வழியாகப் பாடகி நெடுஞ்சாலை நாகரிகத்தின் வேகத்தைச் சாடுவதாகக் கண்டுபிடித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிள்ளை விழித்துக்கொள்வாளே என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

சிரிப்பை நிறுத்தியவர் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். "இது எங்க ராஜபாளையம் மில்லு சத்தம்! எண்பதாம் கவுண்ட் நூலப் பத்திப் பாடிருக்காங்க. பெருமையா இருக்கு" என்று எழுதியிருந்தார். எங்கள் ஊரில் நூலுக்கு எண் உண்டு. இழை மெலிய மெலிய எண் கூடும். டீக்கடையில்கூட அந்தப் பேச்சு நடக்கும். உடனே இன்னொரு ஊர்க்காரர் வந்து, "எண்பதெல்லாம் பழசு. இப்ப நூறுக்கு மேல ஓட்டுதோம். பாட்ட மாத்தச் சொல்லுங்க" என்றார். தினமும் வீட்டில் ஏட்டி கேட்டு வளர்ந்தவர்களாகத்தான் இருக்கும். மில் சத்தத்தோடு சேர்த்துக் கேட்டதும் அவர்கள் காதிலும் அது நூலாகிவிட்டது.

"அது எண்பது இல்லை. ஏட்டி. எங்கள் ஊரில் பெண்கள் பெண்களைக் கூப்பிடும் சொல்" என்று தட்டினேன். அனுப்பவில்லை. நன்றாகப் படித்த பிள்ளைகள் ஏட்டி, வாட்டி, போட்டி என்று பேசக்கூடாது என்று சொல்லித்தான் எங்களைப் பள்ளிக்கூடத்தில் வளர்த்தார்கள். இப்போது நான் போய் விளக்கினால் அவளுக்கு உதவியா, கேவலமா? எண்பது என்றே இருந்தால் நாகரிகமாகவாவது இருக்குமோ? அழித்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன்.

அந்தச் சொல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் படித்தது டெக்ஸ்டைல் இன்ஜினியரிங். பயிற்சிக்காக ஊர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சில மாதம் இருந்தாள். உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. பெண்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். இவளை எல்லோரும் மேடம் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருநாள் இவள் துப்பட்டாவின் நுனி, ஓடிக்கொண்டிருந்த மிஷின் பக்கம் தொங்கியிருக்கிறது. எங்கேயோ தூரத்தில் நின்ற ஓர் அக்கா அதைப் பார்த்து, "ஏட்டீ!" என்று கத்தியிருக்கிறார். இவள் சட்டென்று திரும்ப, துப்பட்டாவும் மிஷினில் சிக்காமல் கூடவே திரும்பிவிட்டது.

"மேடம்னு கூப்டிருந்தா எனக்குக் கேட்டிருக்காதுக்கா," என்று அப்போது சொன்னாள். "'மே' எல்லாம் அந்தச் சத்தத்துல முங்கிரும். 'ட்டீ' மட்டுந்தான் கிழிச்சிக்கிட்டு வரும்."

இப்போது அவளே போன் செய்தாள். மதுரையில் ஒரு சின்ன அரங்கில் கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டாவது பாட்டை மட்டும் திருத்திப் பாடி மறுபடி இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று குழுவில் பேசியிருக்கிறார்கள்.

"ஏட்டிய எடுத்துட்டு 'ஹேய் லேடி'ன்னு போடணுமாம். கிட்டார் அண்ணன் சொல்லுதாரு, ஊர்ல உள்ளவனுக்கே புரியலன்னா தப்பு நம்ம மேலதானாம். நாளைக்கு மத்தியானம் ரெக்கார்டிங்."

"நீ என்ன சொன்ன?"

"எங்க அக்காட்டக் கேட்டுச் சொல்லுதேன்னு சொன்னேன். அந்தச் சொல்லு இல்லன்னா அந்தப் பாட்டே எனக்கு வேண்டாம்னு தோணுது. ஆனா கேக்குறவங்க எல்லாரும் எண்பது எண்பதுங்காங்க. நான்தான் பிடிவாதம் பிடிக்கேனோ? நீ சொல்லுக்கா."

எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. எப்போதும் அப்படித்தான் படும். "உனக்கு எது சரின்னு தோணுதோ அதச் செய்," என்றேன்.

"இதச் சொல்லவா எம்.எஸ்சி. படிச்ச?" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லாதது. அதனால் உள்ளே பெண்கள்தான் நிறைந்திருந்தோம். கழுத்தில் அடையாள அட்டையோடு ஷிஃப்டுக்குப் போகும் மில் பெண்கள். வத்திராயிருப்பிலிருந்து வந்து பஸ் மாறிய ஓர் அக்கா, காலடியில் மாங்காய்ப் பையோடு. கஞ்சி போட்ட காட்டன் சேலையில், டீச்சர் என்று பார்த்தாலே தெரிகிற ஓர் அம்மா. எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மடியில் பிள்ளை, தோளில் அவள் பை.

பாதி வழியில் போன் அடித்தது. தங்கை கூப்பிட்டால் மட்டும் இரண்டாவது பாட்டு ஒலிக்கும்படி வைத்திருந்தேன், அதுவும் அந்த உச்சத்திலிருந்து. போன் பையின் அடியில், டயப்பருக்கும் கூழ் டப்பாவுக்கும் கீழே கிடந்தது. பஸ் இரைச்சலில் கேட்க வேண்டும் என்று சத்தத்தை முழுவதும் ஏற்றியிருந்ததும் நான்தான். முதலில் மிஷின் ஓடியது. அதன் பிறகு,

"ஏட்டீ!"

பஸ்ஸில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். முன் சீட், பின் சீட், கம்பியைப் பிடித்து நின்றவர்கள், எல்லோரும். டீச்சரம்மாவும் திரும்பினார், திரும்பியது தெரிந்ததும் ஜன்னல் வழியாக எதையோ தேடுவது போலப் பார்த்தார்.

"யாருட்டி கூப்டது? எம்மவளோன்னு நெனச்சேன்," என்றார் மாங்காய்ப் பை அக்கா.

"ஏட்டி, நம்ம ஷெட்டுச் சத்தமுல்லா இது!" என்றாள் ஒரு மில் பெண், எழுந்து நின்று.

கண்டக்டர் பின்னாலிருந்து, "யாரும்மா அது, பஸ்ஸுக்குள்ள மில்லு ஓட்டுதது?" என்றார்.

வெட்கத்தில் என் காது சுட்டது. பிள்ளை பயந்துவிட்டாளோ என்று பார்த்தேன். அவள் பையின் வாரைக் கடித்துக்கொண்டிருந்தாள். போன் கையில் வருவதற்குள் அடித்து ஓய்ந்துவிட்டது. "அத இன்னொருக்க போடு," என்றாள் அந்த மில் பெண். நான் தயங்கும்போதே தங்கை மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை நான் உடனே எடுக்கவில்லை. போனைக் கையில் தூக்கிப் பிடித்திருந்தேன்.

"பாடுதாளா, வையுதாளா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"ரெண்டுந்தான்," என்றேன்.

"புருசனையோ?"

"அவளுக்குக் கல்யாணம் ஆவல," என்று சொல்லிவிட்டேன்.

"ஆவாமலே இம்புட்டுக் கோவமா!" பஸ் சிரித்தது.

"எனக்குப் பிடிக்கல," என்றாள் ஷிஃப்டுக்குப் போகும் இன்னொருத்தி. "எட்டு மணி நேரம் இதத்தான் கேக்குதோம். பஸ்லயும் கேக்கணுமா? மண்டையில ஆணி அடிக்கி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா கூப்டுதா பாரு, அது நல்லாருக்கு. உள்ள நாங்க கூப்டுத மாதிரியே கூப்டுதா," என்றாள்.

"யாரு இந்தப் பொண்ணு? உனக்குத் தெரியுமா?" என்றார் மாங்காய்ப் பை அக்கா.

"என் தங்கச்சி," என்றேன். தேவைக்கு மேலேயே சத்தமாக வந்துவிட்டது.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, மைக் முன்னால நிக்கேன், எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க, இப்பமாவது ஒண்ணு சொல்லு," என்று ஒரே மூச்சில் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாங்காய்ப் பை அக்கா போன் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, நீதான் ஏட்டின்னு கூப்டது? நான் திரும்புன வெரசுல கழுத்துப் பிடிச்சிக்கிடுச்சி. என்ன வேணும், சொல்லு."

"யாருக்கா அது?" என்றாள் மெதுவாக.

"பஸ்ல. உன் பாட்டு அடிச்சிது. எல்லாரும் திரும்பிட்டாங்க."

"எல்லாருமா?"

"ஒரு ஆளு பாக்கியில்ல. ஒருத்தரும் எண்பதுன்னு கேக்கல. மாத்தாதட்டி."

அவளை நான் அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். பிள்ளை வந்த பிறகு வாயிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் இரண்டு தடவை பார்த்துத்தான் விடுவேன். இது பார்ப்பதற்குள் போய்விட்டது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகை மாதிரியும் இருந்தது. போனைச் சற்றுத் தள்ளிவைத்துக்கொண்டு அவள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது:

"அண்ணே, மைக்க ஆஃப் பண்ணிருங்க. மாத்திப் பாட ஒண்ணும் இல்ல."

பஸ்ஸில் இருவர் கைதட்டினார்கள், எதற்கு என்று முழுவதும் தெரியாமலே. மில் பெண்கள் தங்கள் போன்களை நீட்டினார்கள், அந்தப் பாட்டு எங்கே கிடைக்கும் என்று. பிடிக்கவில்லை என்றவளும் நீட்டினாள். தன் சூப்பர்வைசருக்கு ரிங்டோனாக வைக்கப்போகிறாளாம். பிள்ளையை மாங்காய்ப் பை அக்கா வாங்கிக்கொண்டார். தெரியாத ஒருவர் கையில் பிள்ளையைக் கொடுத்தேனா என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்தாயிற்று; அப்போது தோன்றவே இல்லை. ஒவ்வொரு போனாக வாங்கித் தேடிக் கொடுத்துக்கொண்டே வந்தேன். முன்பாதி இப்படித்தான் இருக்கும், பின்பாதி பிள்ளைகளைத் தூங்கவைக்க நல்லது என்று சொல்லிக்கொண்டும் வந்தேன்.

"யம்மா, பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்புன்னு சொன்னீங்கள்லா? அது போயி எம்புட்டு நேரமாச்சி! எறங்கலையா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"செத்த பொறுங்க," என்றேன். டீச்சரம்மா தன் போனை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.