ஆற்றோரப் பெரட்டு

"காளியம்மா!"

"இருக்கேன்!"

"துளசி!"

"வந்துட்டேன் லா, செருப்பு அறுந்துபோச்சு!"

கோலசிலாங்கூர் ஆற்றங்கரையில் வெயில் தணிந்ததும் குமுதா இப்படித்தான் பெயர் கூப்பிடுவார். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன்னே ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். அங்கே ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர் குமுதாவின் அப்பா. அவருடைய கட்டைக் குரல் அப்படியே மகளுக்கு வந்திருக்கிறது. "அது வேலைக்குப் பெரட்டு. இது வாய்க்குப் பெரட்டு" என்று சொல்லிவிட்டு குமுதாவே முதலில் சிரிப்பார்.

பகலெல்லாம் அக்கரையில், பாசிர் பெனம்பாங்கில், ஒரு சாப்பாட்டுக் கடையில் நண்டு கழுவுகிறார். வேலை முடிந்ததும் எலுமிச்சை தேய்த்துக் கை கழுவி, மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்துவிடுவார். வண்டிக் கூடையில் மொறுமொறுவென்று கெரோப்போ என்னும் மீன் அப்பளப் பொட்டலம். முழுசெல்லாம் மற்றவர்களுக்கு, உடைந்த துண்டுகளை யாருக்கும் தர மாட்டார். உடைந்ததில்தான் உப்பு ஊறியிருக்குமாம். ஊரே சூரியன் இறங்குவதைப் படம் பிடிக்கும். இவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படம் பிடிப்பவர்களை வேடிக்கை பார்ப்பார்.

போன வருஷம் கரையை அழகுபடுத்த நகராட்சி ஆட்கள் வந்தார்கள். பெரட்டு கூடிவந்த, மரத்தைச் சுற்றியிருந்த வட்டச் சிமெண்டு மேடையை உடைத்தார்கள். புது நடைபாதையும் விளக்குகளும் எனக்கே பிடித்திருந்தன. ஆனால் பெஞ்சுகள் எல்லாம் ஆற்றைப் பார்த்து ஒரே வரிசையில் வரப்போவதாகக் கேட்டதும் குமுதாவின் முகம் விழுந்துவிட்டது. முகம் பார்த்துப் பேச முடியாத இடத்துக்கு யார் வருவார்கள்? பெரட்டே கலைந்துவிடும் என்று பயந்தார்.

"வரிசையா உக்காந்து என்னத்தப் பேசுறது? பஸ்ஸுலயா போறோம்?" என்று இளம் திட்ட அதிகாரி லிங்கேஸ்வரனிடம் கேட்டார்.

"பிளான்ல அப்படித்தான் இருக்கு, ஆன்ட்டி. ரிவர் வியூ முக்கியம் லா."

பெஞ்சுகள் வந்து இறங்கிய மாலை, அவற்றை இன்னும் தரையில் பூட்டவில்லை. பெண்கள் ஐலசா போட்டு இரண்டை எதிரெதிரே திருப்பி வைத்துக்கொண்டு பேசினார்கள். பேச்சு சுவாரசியத்தில் திரும்ப மாற்றி வைக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் வந்த வேலையாட்கள், அதுதான் இடம் என்று நினைத்து, போல்ட் முடுக்கிச் சிமெண்டும் பூசிவிட்டார்கள். துளசி போனில் சொன்னதும் நண்டுக் கூடைக்கு நடுவில் குமுதா போட்ட கூச்சல் இக்கரைக்கே கேட்டிருக்கும்.

அன்று மாலையே லிங்கேஸ்வரன் வந்து நின்றார். பிளானைப் பார்த்தார்; பெஞ்சைப் பார்த்தார்.

"யாரு ஆன்ட்டி திருப்புனது?"

வாய்க்குப் பெரட்டு வைத்தவர்கள் எல்லாரும் வாயில் கெரோப்போவை அடைத்துக்கொண்டார்கள். லிங்கேஸ்வரன் சிமெண்டைச் சப்பாத்துக் காலால் தட்டிப் பார்த்தார்.

"காஞ்சிருச்சு. சரி, இருந்துட்டுப் போவட்டும் லா."

குமுதா தொண்டையைச் செருமிக்கொண்டு மண்டோர் குரலை எடுத்தார்.

"லிங்கேஸ்வரன்!"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"இருக்கேன்!"

குமுதா நகர்ந்து இடம் விட்டார். பொட்டலத்தின் அடியில் கையை விட்டுத் துழாவி, உடைந்த துண்டு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார்.