எல்க் வேட்டைக்கு ஆள் தேடியபோது

எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் இரண்டு வருடமாக ஓர் இரும்பு அலுமாரி நிற்கிறது. விருந்துக்கு வரும் தமிழர்கள் கை கழுவப் போகிற வழியில் அதைக் கண்டு, "நகை வைக்கிறதோ அண்ணை?" என்று கேட்பார்கள். "ஓம், அவவின்ர சாமான்கள்" என்று பாதி உண்மையைச் சொல்லி அவர்களைச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போய்விடுவேன். உள்ளே இருப்பது என் மனைவி சுகந்தியின் வேட்டைத் துப்பாக்கி. பல் வைத்தியரின் நினைவூட்டல் வந்து சேரும் அதே மின்தபால் பெட்டிக்குத்தான் அதற்கான பொலிஸ் அனுமதியும் வந்தது. அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒரு தமிழ்ப் பெண் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று பொலிஸ் எழுதி, கீழே "நட்பான வணக்கங்களுடன்" என்று முடித்திருந்தது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். இருபத்திரண்டு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடும்வரை எனக்குத் துப்பாக்கியின் வாயை மட்டுமே தெரியும். சைக்கிளை விட்டிறங்கி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, அந்தச் சின்ன வட்டத் துளையைப் பார்க்காதவன்போல நின்ற காலைகள் அநேகம். துப்பாக்கிக்கு ஒரு பின்பக்கம் உண்டு, அதில் மினுக்கிய மரம் இருக்கும், அதை ஒருவர் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைப்பார் என்பதையெல்லாம் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில், என் சொந்த வீட்டு மேசையில்தான் கண்டேன். சுகந்தி முதன்முதலாக அதைத் துடைத்தபோது நான் எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

சுகந்தி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அங்கே கூட வேலை செய்யும் லோனே என்ற டேனிஷ் பெண்தான் அவரை முதலில் காட்டுக்குக் கூட்டிப்போனவர். தடியால் மரங்களைத் தட்டி விலங்குகளைக் கிளப்பிவிடும் ஆட்களில் ஒருவராகப் போனவர், பிறகு வகுப்புக்குப் போய், எழுத்துப் பரீட்சை எழுதி, சுடும் பரீட்சையிலும் தேறிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் இன்றைக்கும் மரக்கறிதான் சாப்பிடுவார். ஏன் இந்த வேட்டைப் பழக்கம் என்று கேட்டால், "எனக்குக் காட்டுக்குள்ள நடக்க விருப்பம்" என்பார். நடக்கிறதுக்குத் துவக்கு எதற்கு என்று தொடர்ந்தால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார்.

போன வசந்தத்தில் சுகந்தியும் லோனேயும் ஸ்வீடனுக்கு எல்க் வேட்டைக்குப் போவதென்று முடிவெடுத்தார்கள். எல்க் என்பது எங்கள் வன்னிக் காட்டு மரைக்குச் சொந்தக்கார மான். ஆனால் குதிரையைவிட உயரம். ஸ்வீடனின் பெருங்காடுகளில் வழி தெரியாமல் நுழைய முடியாது. வேட்டை உரிமையும் நாய்களும் தங்குவதற்கு மரக்குடிலும் வைத்திருந்து, வெளியாட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பிடிக்க வேண்டும். நான் வழக்கம்போல மறித்தேன். சுகந்தி கோபப்படவில்லை.

"இஞ்சேருங்கோ, போறதோ விடுறதோ எண்டு நான் கேக்கேல்லை. போறன். ஆரோட போறதெண்டதை நீங்கள் பாருங்கோ. உங்களுக்குத் திருப்தியான ஆளெண்டால் ரெண்டு பேருக்கும் நிம்மதி."

நான் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்த வேலையை என்னிடம் தந்தால் ஒருவரும் தேறமாட்டார்கள், பயணமும் தானாக நின்றுவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசையோடு ஒப்புக்கொண்டேன். ஒரு குழுவில் எத்தனை பேர், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியும், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், காட்டுக்குள் தொலைபேசி வேலை செய்யுமா என்று ஒரு தாள் நிறையக் கேள்விகள் எழுதினேன்.

முதலில் பேசியது, இங்கிருந்து ஆட்களை அனுப்பும் ஒரு பயண நிறுவனத்து மனிதரோடு. நல்ல குரல். என் முக்கியமான கேள்வியை எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்: இது "சிக்கர்" தானா? டேனிஷ் மொழியில் ஆபத்தில்லாதது என்பதற்கு அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்.

"அப்படி யாரும் வாக்குத் தர முடியாது. போன வருடம் ஆறு பேர் போனார்கள். நாலு பேருக்குச் சரிவந்தது" என்றார் அவர்.

பேனையைக் கீழே வைத்துவிட்டேன். "மற்ற இரண்டு பேருக்கும் என்ன நடந்தது?"

"கவலைதான். ஆனால் இந்த வருடமும் வருகிறார்கள்."

அந்தச் சொல்லுக்கு நிச்சயம் என்றும் ஒரு பொருள் உண்டு என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. மிருகம் நிச்சயமாகக் கிடைக்குமா என்று நான் கேட்டதாக அவர் நினைத்துவிட்டார். முப்பத்தைந்து வருடம் இந்த மொழியில் சம்பளம் வாங்கியும் ஒரு சொல்லின் மறுபக்கம் இப்படித் திடீரென்று திரும்பி நிற்கிறது. என் பதற்றத்தை ஏமாற்றமாக எடுத்துக்கொண்ட அவர், நிச்சயமாக வேண்டுமென்றால் வேலி அடைத்த ஒரு பெரிய காணியும் இருக்கிறது, அங்கே வெறுங்கையோடு திரும்பத் தேவையில்லை என்றார். வேலி இருந்தால் பாதுகாப்பு என்று எனக்குப் பிடித்துப்போயிற்று. சுகந்தியிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"வேலிக்குள்ள அடைச்சு வைச்சதைச் சுடுறதுக்கு நான் வரேல்லை."

அந்தப் பெயரை வெட்டினேன்.

இரண்டாவது ஆள் ஒரு ஸ்வீடன்காரர். அவர் தன் மொழியில் பேச, நான் டேனிஷில் பேச, இரண்டும் அக்கா தங்கை மொழிகள் என்பதால் ஓரளவுக்கு ஓடியது. அங்கே "ரோலி" ஆக இருக்குமா என்று கேட்டேன். டேனிஷில் அதற்கு அமைதி என்று பொருள். மிக மிக ரோலி என்று அவர் உறுதி சொன்னார். மனம் குளிர்ந்து, தொலைபேசியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்த மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து சரிந்துவிட்டாள். ஸ்வீடிஷில் அந்தச் சொல்லுக்குக் கும்மாளம் என்று பொருளாம். அவர்களுடைய இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பன்னிரண்டு ஆண்கள் பியர் போத்தல்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் பின்னேரம் சுகந்தி என் தாளை எடுத்துக் கடைசிவரை வாசித்தார். பிறகு கேட்டார், "எல்லாம் எங்களுக்கு என்ன நடக்குமெண்டுதானே கேட்டிருக்கிறீங்கள். அதுக்குக் காயம் மட்டும் பட்டு ஓடினால் என்ன செய்வினமெண்டு கேட்டீங்களோ?"

"அது மிருகம்தானே. நீர் ஏன் அதை யோசிக்கிறீர்?"

தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார். அவருக்குப் பதினேழு வயதில் முல்லைத்தீவுப் பக்கத்தில் ஊரோடு வெளிக்கிட்டுக் காட்டுக்குள்ளால் நடந்திருக்கிறார்கள். நடு மத்தியானம். எங்கிருந்தோ வந்த துவக்குச் சூடு, கூட நடந்த ஓர் அக்காவின் தொடையில் பட்டது. அந்த அக்கா ஒரு பாலை மரத்தில் சாய்ந்து இருந்துகொண்டு, "நீங்கள் போங்கோ, நான் ஆறுதலா வாறன்" என்றிருக்கிறார். இவர்கள் போய்விட்டார்கள். "ஒருத்தரும் திரும்பிப் போய்ப் பாக்கேல்லை. இருந்தாவோ, இல்லையோ, இண்டைக்கும் தெரியாது."

இருபத்தொன்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்தும் இதை நான் கேள்விப்பட்டதில்லை. கல்யாணம் பேசியபோது எங்கள் குடும்பங்கள் படிப்பைக் கேட்டன, சாதகத்தைக் கேட்டன. காட்டுக்குள்ளால் வந்தது பற்றி யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. புதுத் தாள் ஒன்றை எடுத்து, மிருகம் காயத்தோடு ஓடினால் என்ன செய்வீர்கள் என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் மேலே எழுதினேன்.

மூன்றாவது ஆள் இங்கெல என்ற பெண். ஸ்வீடனின் ஸ்மோலாண்ட் பகுதியில் ஒரு சிறு காட்டையும் இரண்டு நாய்களையும் வைத்திருப்பவர். அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்.

"முதல் கேள்வியாக இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை" என்றார் இங்கெல, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக மெதுவாக. "அப்படி நடந்தால் எல்லோரும் தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். அன்றைய வேட்டை முடிந்தது. நானும் நாயும் தேடிப் போவோம். கண்டுபிடிக்கும்வரை அதுதான் வேலை. மறுநாள் ஆனாலும் அதுதான் வேலை."

பிறகு அவர் என்னைக் கேட்கத் தொடங்கினார். உங்கள் மனைவி எத்தனை தடவை பயிற்சிக்குச் சுட்டிருக்கிறார், ஓடும் இலக்கில் சுட்டிருக்கிறாரா, கோடை முழுவதும் அவரும் லோனேயும் பயிற்சி செய்து, சுட்ட இலக்குத் தாள்களை அனுப்புவார்களா. அனுப்பாவிட்டால் கூட்டிப்போகமாட்டாராம். கடைசியாக, "நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. நீங்களும் வாருங்கள். குடிலில் யாராவது அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். என் தரப் பரீட்சையில் தேறியது அவர் ஒருவர்தான். அவருடைய பரீட்சையில் நானும் தேறியிருந்தேன் போலும்.

ஒக்டோபரில் கிரெனோ துறைமுகத்திலிருந்து கப்பலேறி மூன்று பேரும் போனோம். முதல் நாள் முழுவதும் மழை, ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் காலை, நான் குடிலில் பருப்பு அவித்துக்கொண்டிருந்தபோது ஒரு வெடி கேட்டது. கை தானாகவே அடுப்பை அணைத்தது. அது பழைய பழக்கம். சிறிது நேரத்தில், அலைபேசி எடுக்காத காட்டில் எல்லோருக்கும் கொடுத்திருந்த சின்ன வானொலிக் கருவியில் இங்கெலவின் குரல் வந்தது. சுட்டது லோனே. ஆண் எல்க். காயத்தோடு ஓடிவிட்டது. எல்லோரும் துப்பாக்கியை வெறுமையாக்குங்கள்.

லோனே குடிலுக்கு வந்து படியில் குந்தி அழுதார். அறுபது வயதுப் பெண், இருபது வருட வேட்டைக்காரி. மிருகம் எங்காவது படுக்கட்டும் என்று ஒரு மணித்தியாலம் பொறுத்துவிட்டு இங்கெல தன் துப்பாக்கியைத் தோளில் மாட்டி, நாயை நீளக் கயிற்றில் கட்டிக்கொண்டு புறப்பட்டார். சுகந்தி துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். "வெறும் துவக்கு. பிடியுங்கோ. நானும் அவவோட போறன்." வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துப்பாக்கியைக் கையில் வாங்கினேன். நினைத்ததைவிடப் பாரமாகவும் குளிராகவும் இருந்தது.

மூன்று மணித்தியாலத்துக்குமேல் நானும் லோனேயும் அந்தப் படியில் இருந்தோம். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஆறுதலாகச் சொல்ல டேனிஷில் சொல் வரவில்லை. "சுகந்தி கண்டுபிடிப்பா" என்றேன் தமிழில். லோனே தலையை ஆட்டினார். பிறகு, தூரத்தில், ஒரேயொரு வெடி.

சுகந்தி திரும்பி வந்தபோது முழங்கால்வரை சேறு, கன்னத்தில் முள் கீறிய கோடு. "கண்டிட்டம்" என்றார். பக்கத்தில் வந்து இருந்தார். "சதுப்புக்குள்ள இறங்கி, ரெண்டு தரம் தடம் விட்டுப்போய், திரும்ப முதல்ல இருந்து துவங்கினது அந்த நாய். விட்டிட்டு வரேல்லை." நான் கொடுத்த தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அந்த அக்காவின்ர பேர் மல்லிகா" என்றார்.

நான் அந்தப் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொன்னேன். அவர் ஓமென்று தலையசைத்தார்.

சுகந்தியின் பக்கம் கடைசிநாள்வரை ஒன்றும் வரவில்லை. அதில் அவருக்குத் துளி வருத்தமுமில்லை. அடுத்த ஒக்டோபருக்கும் இங்கெலவிடம் பெயரைக் கொடுத்துவிட்டார். கேட்காமலே என் பெயரையும் சேர்த்து.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுட்டவருக்கு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் சின்னக் கொப்பு ஒன்றை முறித்துக் கொடுப்பார்கள். அவர் அதைத் தொப்பியில் செருகிக்கொள்வார். இங்கெல கொடுத்ததை லோனே இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைச் சுகந்தியிடம் நீட்டினார். சுகந்தி தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, பூ வைக்கும் இடத்தில், பின்னலுக்குள் அதைச் செருகிக்கொண்டார்.

திரும்பி வரும் கப்பலின் மேல்தளத்தில் கிளிநொச்சியிலிருந்து அவருடைய அண்ணா வீடியோவில் வந்தார். எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். "கடல்ல" என்றார் சுகந்தி. எந்தக் கடல் என்று கேட்டதற்குக் கட்டெகாட் என்று சொல்லிப் பார்த்தார். அண்ணாவுக்கு அது பிடிபடவில்லை. முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து, "தலையில என்ன, வேப்பிலையோ?" என்றார்.

"இல்லையண்ணா, இது இங்கத்தை மரம்" என்றார் சுகந்தி.

அப்போது காற்று பலமாக அடித்தது. இரண்டு கரையும் தெரியாத அந்தத் தண்ணீருக்கு நடுவில், ஒரு கையால் அண்ணாவின் முகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அந்தக் கொப்பு பறந்துவிடாமல் தலையில் பொத்திக்கொண்டு, அவர் கதைத்துக்கொண்டே நின்றார்.