எதிர் நாற்காலி

தையல்காரர் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும், எதிர் நாற்காலியைக் காலால் லேசாக வெளியே தள்ளி வைப்பார். யாராவது வந்து உட்காரட்டுமே என்றுதான். கூச்ச சுபாவக்காரனான மகனுக்கு அது மானம் போகிற விஷயம்.

இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தபோது, மகன் பெரிய கல்லூரியைப் பார்த்து வாய் பிளந்திருந்தான்.

"சின்னதுலயும் ஒரு நாள் இருந்து பாருடா. பிடிக்கலைன்னா விட்ரு," என்றார் அப்பா.

போனான். பின் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டான். மதியம் கேன்டீனில் எங்கே உட்காருவதென்று தெரியாமல் தட்டோடு ஒரு தூணில் சாய்ந்து நின்றான்.

"என்ன தம்பி, தூணுக்கு முட்டுக் கொடுக்கிறியா? அது விழாது, வா!" என்று கூப்பிட்டான் ஒரு சீனியர். மேசையே சிரித்தது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இங்கேயே சேர்றேன்ப்பா," என்றான் சாயங்காலம்.

"அப்படியா?" என்றார் அப்பா, ஒன்றும் தெரியாதவர் போல.

அந்த மூன்று வருடங்களில் அவன் தனியாகச் சாப்பிட்டதே இல்லை.

தனக்கு வேலை கிடைத்த பிறகு அவனோடு சட்டை தைக்க வந்த அந்தச் சீனியர், கடையில் அப்பாவைப் பார்த்ததும் சிரித்தான்.

"இவரா உங்கப்பா? நீ வர்றதுக்கு முந்தின வாரம் எங்க கேன்டீன்ல நாற்காலியைத் தள்ளி வச்சுட்டுத் தனியா உக்காந்திருந்தாரு. நான் போய் உக்காந்தேன். 'பெரிய காலேஜ்ல டீ ஆறிப்போச்சு தம்பி, ஒருத்தரும் வரலை'ன்னாரு."