பெங்களூரில் தேறிய எண்ணெய்

போன வெள்ளிக்கிழமை காலை ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தேன். எண்ணெய் தேய்த்துவிடும் முத்தையா, என் தலையில் கை வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு எது வேணும்? செக்கா... நல்லதா?"

பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பது? அந்த நகைச்சுவையை எழுதிக் கொடுத்தவனே நான்தான்!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எல்லாம் டைரியில் இருக்கிறது, கிழமை வாரியாக.

ஐந்தருவியில் இரண்டு எண்ணெய்க் கடைகள். ஒன்று பேச்சியம்மாளுடையது. இலத்தூரில் சொந்தமாக மரச்செக்கு வைத்திருப்பவர். எள்ளை ஆட்டி, எண்ணெயைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். சாரல் காலத்தில் நடக்கும் வியாபாரம்தான் அவருக்கு வருஷம் முழுவதும் அடுப்பு எரிய வைப்பது. இன்னொன்று ரத்தினசாமியுடையது. தென்காசிக்காரர். அவருடைய எண்ணெய் லாரியில் வரும், தகர டின்னில். டின்னுக்குள் எப்படி வந்தது என்று அவரும் கேட்டதில்லை, டின்னும் சொன்னதில்லை.

இந்த வருஷம் சாரல் தொடங்கிய பத்தாம் நாள் புகார் கிளம்பியது. எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களுக்குப் பிசுக்குப் போகவில்லை, சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. இவர் எண்ணெய்தான் கலப்படம் என்று அவரும், அவர் எண்ணெய்தான் என்று இவரும். கடைக்காரர்கள் சங்கம் கூடி முடிவெடுத்தது: கலப்படம் யாருடையது என்று தெரிந்தால் அவர் உடனே கடையைக் காலி செய்ய வேண்டும்.

யார் கண்டுபிடிப்பது? என்னைக் கூப்பிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவன். தவிர, பாட்டிலில் லேபிள் ஒட்டுவதில் இந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. (இருந்தது.)

"இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்றார் பேச்சியம்மாள். ரத்தினசாமியின் டின்னிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார். "பாமாயிலு. நல்லாக் கலந்திருக்கு."

நான் பொறுமையாகப் புன்னகை செய்தேன். "பேச்சியம்மா, நாக்கு ஒரு கருவி கிடையாது. விஞ்ஞானம்னு ஒண்ணு இருக்கு."

இருக்கிறது. என்னோடு கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறார். அங்கே ஓர் இயந்திரம். எண்ணெயின் மீது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிரை எண்ணெய் விழுங்கியது என்று மேடும் பள்ளமுமாகக் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும். சிக்கல் என்னவென்றால், எல்லா எண்ணெய்க்கும் ஏறக்குறைய ஒரே கோடு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

அதற்குத்தான் புள்ளியியல். சுத்தமானது என்று நமக்கு உறுதியாகத் தெரிந்த சில எண்ணெய்களை ஒரு குழுவாகவும், கலப்படம் என்று உறுதியாகத் தெரிந்தவற்றை இன்னொரு குழுவாகவும் கம்ப்யூட்டருக்குக் காட்ட வேண்டும். அது இரண்டு குழுவின் கோடுகளையும் கணக்குப் போட்டு நடுவே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளும். பிறகு புதிய எண்ணெயைக் கொடுத்தால், எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லிவிடும். வகுப்பில் 'ஏ' செக்‌ஷன், 'பி' செக்‌ஷன் பிரிப்பது போலத்தான். ஒரே வித்தியாசம், இதில் சிபாரிசு கிடையாது.

அப்படித்தான் நினைத்தேன்.

சுத்தமான எண்ணெய்க்காக நானே எள் வாங்கி, சுந்தரபாண்டியபுரத்துக்கு எடுத்துப் போய், ஒரு செக்கில் என் கண் முன்னால் ஆட்டி ஆறு பாட்டில் பிடித்தேன். இலத்தூரில் ஏன் ஆட்டவில்லை? நடுநிலைமை! பிறகு அதே எண்ணெயில் ரேஷன் பாமாயிலை நானே அளந்து கலந்து இன்னொரு ஆறு பாட்டில். நூற்றுக்கு இருபது பங்கு, முப்பது பங்கு, நாற்பது பங்கு என்று.

லேபிள் சிறியது, என் கையெழுத்து பெரியது. எனவே சுருக்கமாக எழுதினேன். சுத்தமான ஆறின் மேல்: 'எள், செக்கு'. கலந்த ஆறின் மேல்: 'நல்லெண்ணெய், பா. 20', 'நல்லெண்ணெய், பா. 30'... பா. என்றால் பாமாயில். இதைவிடத் தெளிவாக யாரால் எழுத முடியும்? கடைகளில் வாங்கிய இரண்டு பாட்டில்களுக்கும் 'கடை 1', 'கடை 2'. பேச்சியம்மாள் ஒன்று, ரத்தினசாமி இரண்டு. வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் அடைத்து, பார்சலில் அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்குத் தபால் வந்தது. இரண்டு தாள். முதல் தாளில் முடிவு: 'கடை 1 — சந்தேகக் குழு. கடை 2 — நல்ல குழு.'

அன்று மாலையே சங்கத்தில் வாசித்தேன். கொஞ்சம் கணீரென்று வாசித்ததாக ஞாபகம். பேச்சியம்மாளை ஞாயிற்றுக்கிழமைக்குள் கடையைக் காலி செய்யச் சொன்னார்கள். மறுநாள் விடியும்போது ரத்தினசாமி கடையில் புதுப் பலகை தொங்கியது: 'பெங்களூரில் தேறிய எண்ணெய்'. பெயிண்ட் காயவில்லை. கூட்டம் காய்ந்த பெயிண்டையா கேட்கிறது?

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேச்சியம்மாள் என் வீட்டு வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, நேத்து நீங்க வாசிச்சதுல நான் கலப்படக்காரி. சரி. இனி ஒரு பய எங்கிட்ட எண்ணெய் வாங்க மாட்டான். அதுவும் சரி. ஒங்க கையில ரெண்டு தாளு இருந்துச்சுல்லா? ஒண்ணுதான வாசிச்சீய?"

"ரெண்டாவது தாள்ல வெறும் பாட்டில் பட்டியல்தாம்மா."

"இருக்கட்டும். தூக்குல தொங்கப் போறவனுக்கே தீர்ப்ப முழுசா வாசிச்சுக் காட்டுதாவ. வாசிங்க."

டைரிக்குப் பக்க எண் போடுகிறவன் நான். பால்காரர் வந்த நேரத்தைக்கூட எழுதி வைப்பவன். அந்த இரண்டாவது தாளை அதுவரை நான் திருப்பிப் பார்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

என் லேபிள்களை அங்குள்ள ஓர் ஆராய்ச்சி மாணவர் ஆங்கிலத்தில் மாற்றி டைப் அடித்திருந்தார். அவர் கன்னடக்காரர், சினிமா போஸ்டர் படித்துத் தமிழ் கற்றுக்கொண்டவர் என்று நண்பர் முன்பே பெருமையாக எழுதியிருந்தார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"ஒண்ணாம் நம்பர்... எள். செக் பண்ண வேண்டியது. சந்தேகக் குழு."

"என்னது?"

"ரெண்டாம் நம்பர்... எள். செக் பண்ண வேண்டியது. சந்தேகக் குழு."

"செக் பண்ணணுமா? நீங்க என்ன எழுதி அனுப்புனீய?"

"செக்குன்னுதான்."

"செக்குன்னா செக்குதான அண்ணாச்சி? மாடு சுத்துமே, அந்தச் செக்கு?"

ஆறாம் நம்பர் வரை அதே பாட்டு. ஏழாம் நம்பருக்குப் போனேன்.

"நல்ல எண்ணெய். பாட்டில் 20. நல்ல குழு."

பேச்சியம்மாள் மெதுவாகச் சொன்னார். "நல்லெண்ணெய்ய நல்ல எண்ணெய்யின்னு வாசிச்சிருக்கான் பாவி."

பா. என்றால் பாட்டிலாம்! மொத்தமே பதினான்கு பாட்டில் அனுப்பியவன் 'பாட்டில் 40' என்று எழுதுவானா என்று அந்த மாணவருக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டாவது தாளைப் படிக்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லையே!

ஆக நடந்தது இதுதான். நான் கண் முன்னால் ஆட்டிய சுத்தமான எண்ணெயைக் கம்ப்யூட்டருக்குக் கலப்படம் என்று அறிமுகம் செய்துவைத்திருக்கிறார்கள். நான் கைப்படப் பாமாயில் கலந்ததைச் சுத்தம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது படித்த பாடத்தை அப்படியே ஒப்பித்துவிட்டது. பேச்சியம்மாளின் எண்ணெய் சுத்தமாக இருந்ததால்தான் சந்தேகக் குழுவில் சேர்ந்தது. ரத்தினசாமியுடையதில் பாமாயில் இருந்ததால்தான் தேறியது!

எட்டு ஐம்பதுக்குத் தந்தி கொடுத்தேன். சனிக்கிழமை பதில் வந்தது: 'குழுப் பெயர்கள் இடம் மாறிவிட்டன. வருந்துகிறோம்.' கோடுகள் மாறவில்லை, கணக்கு மாறவில்லை, எல்லையும் அங்கேயேதான் இருந்தது. பெயர் மட்டும் மாறியது. கவனித்துப் பார்த்தால் நாட்டில் பல தீர்ப்புகளுக்கு இந்த ஒரு தந்தி போதும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இரண்டு தாளையும் தந்தியையும் வாசித்தேன். இந்த முறை கணீரென்று வரவில்லை.

"பொதனுக்கு ஒரு பேச்சு, ஞாயித்துக்கு ஒரு பேச்சா? என்னவே மிஷினு அது?" என்றார் ரத்தினசாமி.

"மிஷினு பேச்சு மாறலவே. நம்ம வாத்தியாருதான் மாறியிருக்காரு" என்று பின்வரிசையிலிருந்து யாரோ. முத்தையாவின் குரல் மாதிரி இருந்தது.

பேச்சியம்மாளின் கடை தப்பித்தது. ரத்தினசாமி எண்ணெய் வியாபாரத்தை விட வேண்டியதாயிற்று. இப்போது அதே இடத்தில் துண்டும் சோப்பும் விற்கிறார். பலகையை அவர் கழற்றவில்லை. கடைசி வார்த்தையை மட்டும் அழித்துவிட்டார். 'பெங்களூரில் தேறிய' என்று தொங்குகிறது. அதன் கீழே ஈரோட்டுத் துண்டு. வாங்கத்தான் செய்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். முத்தையாவின் கேள்விக்கு, "செக்கு" என்றேன், முடிந்தவரை கௌரவமாக. பேச்சியம்மாளே கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்தார்.

"மொதல்ல ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க அண்ணாச்சி. பெங்களூருக்கு அனுப்பாண்டாம்."

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். எள் மணம், லேசான கசப்பு, பின்னாலேயே ஓர் இனிப்பு. மூன்று நொடிகூட ஆகவில்லை. எனக்கே தெரிந்தது!

"பாவம், அந்த மிஷினச் சொல்லிக் குத்தமில்ல" என்றார் பேச்சியம்மாள், முத்தையாவைப் பார்த்து. "அது என்னவே சொல்லுவாவ... செக்கு எது, சிவலிங்கம் எதுன்னு தெரியாம நக்குமாமே, ஒரு நாயி?"

நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன்.