வேரைப் பார்த்த கண்ணாடி

என் மேசை இழுப்பறையில் ஒரு பவுடர் டப்பாவின் மூடி கிடக்கிறது. நடுவில் வட்டமாக வெட்டி, இரண்டு மூக்குக்கண்ணாடி வில்லைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்து, ஓரத்தில் அரக்கு உருக்கி ஒட்டியிருக்கும். வீடு பெருக்க வருகிற பெண் இதை இரண்டு முறை குப்பையில் போட்டாள். நான் இரண்டு முறையும் சண்டை போட்டுப் பொறுக்கி எடுத்து வந்தேன். இதைச் செய்தவர் என் அக்காவின் கணவர். மாமா என்று கூப்பிடுவோம். புதுச்சேரியில் பெரிய வாய்க்கால் பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். இருட்டறை வேலை முழுவதும் என் பொறுப்பு. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த காலம். 'நம்மால் ஆகாது' என்று மாமா சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆகாதபோதும் சொல்லமாட்டார், அதுதான் தொல்லை. கடலுக்கடியில் போட்டோ எடுக்கிறேன் என்று அலைந்து, கன்னானிடம் சொல்லி ஒரு பித்தளைப் பெட்டி செய்துகொண்டார். முன்னால் தடித்த கண்ணாடி, மூடி இடுக்கில் லாரி டியூப் ரப்பர், சுற்றிலும் திருகாணி. அதற்குள்ளே ஸ்டூடியோவில் இருந்த ஒரே நல்ல கேமராவை வைத்து அவர் முதல் தடவை முங்கியபோது, அக்கா கரையில் நின்று மாதாவைக் கூப்பிட்ட சத்தம் கடலையே மிஞ்சியது. பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. அன்றிலிருந்து மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்தப் பேர் ஊரெல்லாம் பரவித்தான் முசே எங்களிடம் வந்தார். பிரெஞ்சில் ஐயா என்கிற அந்தச் சொல்லே அவருக்குப் பேராகிவிட்டிருந்தது. பாலங்கள் கட்டி ஓய்வுபெற்ற எஞ்சினியர், நம் ஊர்த் தமிழர்தான். ஆனால் தமிழில் பேச ஆரம்பித்தால் பாதி வழியில் பிரெஞ்சு ஏறிக்கொள்ளும். கப்பல் சரக்கு இறக்குகிற பழைய கடல்பாலம் புயலில் போன பிறகு, ஒரு சரக்கு வியாபாரி கடலுக்குள் சொந்தமாக மரத்தில் ஒரு துறைப்பாலம் போட்டிருந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் நாள் முழுக்க அதில் நடப்பார்கள். அவர்களுக்கு மேஸ்திரி என் அண்ணன். முதலியார்பேட்டையிலிருந்து விடியும் முன்னே நடந்து வந்து, எல்லாருக்கும் முன்னால் பாலத்தில் கால் வைப்பது அவன்தான். அந்தப் பாலம் நிற்காது என்று முசே சொன்னார். வியாபாரி சிரித்தார், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். முசே எங்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மாமாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "வேர்தான் தம்பி வெனை. எனக்கு வேரைப் போட்டோ புடிச்சிக் குடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

மாமா சளைக்கவில்லை. பங்குனி மாதம், கடல் தெளிந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிவரை போய், ஒவ்வொரு கம்பமும் மணலில் இறங்குகிற இடத்தை எடுத்துவந்தார். நான் கழுவிப் பிரதி போட்டேன். அப்படிப்பட்ட படங்களை அந்த ஊரில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவசரக்கார மாமா வியாபாரியையும் வரவழைத்து, முசேயின் முன்னால் படங்களைப் பரப்பினார். முசே ஒவ்வொன்றாகப் புரட்டினார். "வேர் எங்க?" என்றார். "இதோ, கம்பத்தோட வேர். இதோ இன்னொண்ணு" என்று மாமா விரலை வைத்துக் காட்டினார். முசே தலையில் கை வைத்துக்கொண்டார். "அட கடவுளே, அந்த வேர் இல்லப்பா! லெ வேர்! பூச்சி! மரத்தைத் துளைக்கிற புழு!" பிரெஞ்சில் புழுவுக்கு வேர் என்று பேராம். எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சிரிப்பை அடக்க இருட்டறைக்குள் ஓடினேன். ஆனால் வியாபாரி படங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். "வேரெல்லாம் கெட்டியாத்தான இருக்கு? நீங்களே போட்டோ புடிச்சிக் குடுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் சிரிப்பு அதோடு நின்றது. அண்ணன் கீழே விழுவதற்கு நாங்களே சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது.

அந்தப் புழு மரத்துக்குள் போகிற வாசல் குண்டூசித் தலை அளவுதான் என்றார் முசே. உள்ளே போன பிறகுதான் கை நீளத்துக்கு வளர்ந்து மரத்தைத் தின்னும். எங்கள் கேமராவோ மூன்று அடிக்கு இந்தப் பக்கம் எதையும் தெளிவாகப் பார்க்காது. கிட்டத்தில் பார்க்க அதற்குக் கண்ணாடி போடவேண்டும், வயசானவர்களுக்குப் போடுவதுபோல. மாமா சொல்லி முடிப்பதற்குள் முசே தன் வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "எடுத்துக்கோ. இதுவும் வேர்தான்" என்றார். கண்ணாடிக்கும் அங்கே அதே சத்தத்தில்தான் பேர். மாமா விடுவாரா? "என்னா முசே, ஒங்க பாஷையில எல்லாத்துக்கும் ஒரே வேர்தானா?"

வில்லைகளை டப்பா மூடியில் பதித்து, பெட்டியின் முன்கண்ணாடிக்கு வெளியே ரப்பர் வளையம் போட்டு மாட்டினார். வெளியில் இருந்தால் முங்கும்போதே கழற்றலாம், மாட்டலாம் என்று கணக்கு. தண்ணீர்த் தொட்டியில் செய்தித்தாளை முக்கி ஒரு ரோல் எடுத்துப் பார்த்தோம். அத்தனையும் பனிமூட்டம். மாமா கேமராவைத் திட்டினார், பெட்டியைத் திட்டினார், என் மருந்துத் தண்ணீரையும் திட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த மூடியைப் பிடுங்கித் தட்டுத் தண்ணீருக்குள் போட்டு, அடியில் ஒரு படத்தை வைத்துப் பார்த்தேன். படம் பெரிதாகவே தெரியவில்லை. வெளியே எடுத்தேன், பெரிதானது. "மாமா, இது தண்ணிக்குள்ள போனா கண்ணாடியாவே இல்ல" என்றேன். அவரும் போட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, மூடியை உள்ளே, கேமராவின் வாயிலேயே தொப்பிபோல மாட்டினார். அங்கே ஈரம் தொடாது. அடுத்த ரோலில் எழுத்துகள் பளிச்சென்று விழுந்தன. வெளியில் ஒரு சாண் தூரத்தில் தெளிவாகத் தெரிவது தண்ணீருக்குள் ஒரு சாணும் நாலு விரலும் தள்ளி வைத்தால்தான் தெரிந்தது. அந்த நீளத்துக்கு ஒரு குடைக்கம்பியை வெட்டிப் பெட்டியின் முன்னால் நீட்டிக் கட்டினோம். கம்பி நுனி மரத்தைத் தொட்டால் பொத்தானை அழுத்தவேண்டும், அவ்வளவுதான்.

மாமா மறுபடி பாலத்தடியில் முங்கிக் கொண்டுவந்த படத்தை நான் இருட்டறையில் பெரிதாக்கியபோது, சிவப்பு விளக்கின் கீழே தாளில் முதலில் எழும்பியது குடைக்கம்பியின் நுனி. அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் துளைகள், வைத்த கையை எடுக்காமல் யாரோ குத்தியதுபோல. ஒரு துளையிலிருந்து இரண்டு வெள்ளை நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிற புழுவின் வால் அது என்று முசே சொன்னார். அந்தக் கம்பத்துக்கு நேர் மேலேதான் அண்ணன் நின்று ஆள் விரட்டுவான். வியாபாரி அந்தப் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மறுநாள் பாலத்தின் முகப்பில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது.

அண்ணன் என்னிடமும் மாமாவிடமும் பேசுவதை நிறுத்திவிட்டான். மூட்டைகளைச் சலங்குப் படகிலிருந்து மார்பளவு தண்ணீரில் நின்று இறக்கவேண்டியிருந்தது. "பூச்சியப் போட்டோ புடிச்சி எங்க பொழப்புல மண்ணப் போட்டாரு ஒம் வூட்டுக்காரரு" என்று அக்காவிடம் கத்தினான். மாமா அசரவில்லை. ஆடி மாதம், காற்றுகூட இல்லாத ஒரு மத்தியானம், பாலம் தானாகவே நடுவில் மடிந்து உட்கார்ந்தது. மேலே ஒரு காக்கைகூட இல்லை. அன்று சாயங்காலம் அண்ணன் ஈர வேட்டியோடு ஸ்டூடியோவுக்கு வந்தான். மாமாவைப் பார்க்காமல் திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். "என்னயும் ஒண்ணு எடு மாமா. முழுசாத்தான இருக்கேன்" என்றான். மாமா கேமராவைப் பின்னால் தள்ளி வைத்து, தலையிலிருந்து கால்வரை முழுசாகவே எடுத்தார்.

மாமா இல்லை, முசே இல்லை, அண்ணனும் போன வருஷம் போய்விட்டான், எண்பது தாண்டி, படுக்கையில், பேரப்பிள்ளைகள் சூழ. கைக்குள் அடங்குகிற எந்திரத்தில் இன்று என் பேத்தி எறும்பின் காலைக்கூடப் படம் பிடிக்கிறாள். இருக்கட்டும். அண்ணனின் அந்தப் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு, மேலே இந்த மூடியைப் பிடித்துப் பார்க்கிறேன். வேட்டி நுனியில் தண்ணீர் சொட்டுவது தெரிகிறது. சொட்டின் கீழே, ஸ்டூடியோ தரையில், அவனுடைய இரண்டு காலும் தெரிகின்றன.