முதலில் எதை மூடுவது

பதினொரு வருஷமாக அந்த ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. பாட்டில் அக்கா என்றால்தான் திரும்புவாள். அவள் கழுவிய பாட்டிலில் பொட்டு அழுக்கு இருந்ததாக இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால் சும்மா விட்டிருப்பாளா என்பது வேறு விஷயம்.

அடுக்கிய பாட்டில்களைக் கண்ணாடி அறை வாசல்வரைதான் அவள் கொண்டுபோகலாம். உள்ளே இருந்தது கேஸ் குரோமட்டோகிராஃப். ஒரு துளி மாதிரியை ஊசியால் ஏற்றினால், அதை ஆவியாக்கி, அடுப்பு போலச் சூடான பெட்டிக்குள் சுருண்டிருக்கும், முடி போல மெல்லிய முப்பது மீட்டர் குழாய் வழியே கேஸோடு ஓடவிட்டு, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று திரையில் மேடு மேடாகக் கோடு போட்டுக் காட்டும். பதினொரு வருஷமும் அந்த மேடுகளை அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தாள்.

அதை இயக்க ஆள் தேவை, கணினிப் பயிற்சியில் தேறும் ஊழியர் யாரானாலும் சரி என்று அறிவிப்பு வந்தது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். ஸ்டோர் கிளார்க்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்னக்கா, மவுஸையும் கழுவப் போறீங்களா?”

“முதல்ல உங்க வாயைக் கழுவிட்டு, அதுக்கப்புறம் மவுஸுக்கு வரேன்.”

அதே பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரி மாணவர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஏழு பாடங்களை முடித்தாள். எட்டாவது பாடம், இயந்திரத்தை நிறுத்துவது. இருப்பதிலேயே சுலபமானது என்றார்கள். மூன்று வாய்ப்பு. அவள் இரண்டில் தோற்றாள், அதுவும் ஒரே மாதிரி.

பயிற்சிக் கணினியின் திரையில் இரண்டு திருகுகள். ஒன்றின் மேல் ‘அடுப்பு’ என்று எழுதியிருந்தது, மற்றதன் மேல் ‘கேஸ்’. அவள் கை நேராகக் கேஸுக்குப் போனது. திரை சிவந்தது. ‘குழாய் கெட்டுவிட்டது. நீங்கள் தேறவில்லை.’

தெரியாமல் செய்யவில்லை. உள்ளே சூடு தணியும்வரை கேஸ் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், முன்னாலேயே மூடினால் அந்தக் குழாய் பாழ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். கைதான் கேட்கவில்லை. மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது சமையலறை ரப்பர் குழாய் கசிந்து தீப்பிடித்தது. குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடியவள் அவள். அன்றிலிருந்து என்ன அவசரமானாலும் முதலில் சிலிண்டரை மூடுவாள், பிறகுதான் அடுப்பு. பத்து வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை.

“இன்னும் ஒரே ஒரு தடவைதாம்மா,” என்றார் தலைமை ஆய்வாளர். அவருக்கும் வருத்தம்தான். “அடுத்த பயிற்சி வர்றதுக்குள்ள உங்களுக்கு வயசு வரம்பு தாண்டிடும்.”

“தெரியும் மேடம். விட மாட்டேன்.”

வீட்டில் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கணவன் யோசனை சொன்னான். “ஒரு வாரம் இங்கயும் அடுப்பை முதல்ல அணைச்சுப் பாரேன். கை பழகிடும்.”

“இங்க எதையும் மாத்த மாட்டேன்,” என்றாள் வெடுக்கென்று. அவன் மெஷினை மிதிக்க ஆரம்பித்தான்.

மகள் ஓர் அட்டையில் திரையை அப்படியே வரைந்து கொடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. அடுப்பு என்று எழுதி, பக்கத்திலேயே கேஸ் என்றும் எழுதிவைத்தால் கை வேறு எங்கே போகும்? அடுப்பை அடித்து ‘வெயில்’ என்று எழுதினாள். கேஸை அடித்து ‘மூச்சு’ என்றாள். வெயில் தணியும்வரை மூச்சு நிற்கக்கூடாது. அவ்வளவுதான் பாடம். நான்கு நாளில் இருநூறு தடவை அட்டையைத் தொட்டுத் தொட்டு மகள் முன்னால் ஒப்பித்தாள். “போதும்மா, எனக்கே வேலை கொடுத்துடுவாங்க,” என்று மகள் கும்பிட்டாள்.

மூன்றாம் தடவை. வெயிலை அணைத்தாள். சூடு இருநூற்று நாற்பதிலிருந்து இறங்கத் தொடங்கியது. ஓரத்தில், காத்திருக்காமல் நேரத்தைத் தாண்டுவதற்கு ‘வேகமாக ஓட்டு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. மாணவர்கள் எல்லோரும் அதை அழுத்தித்தான் முடித்தார்கள். கண்ணாடி அறையில் அப்படி ஒரு பொத்தான் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தொடவில்லை.

நூறுக்கு வந்தபோது விரல்கள் மூச்சின் பக்கம் நகர்ந்தன. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். எண்பது. அறுபது. பக்கத்து நாற்காலிகள் காலியாகிவிட்டன. பயமாகத்தான் இருந்தது. நாற்பது காட்டியதும் கையை எடுத்தாள். மரத்துப்போயிருந்தது. நிதானமாக மூச்சை நிறுத்தினாள்.

திரை பச்சையானது.

அடியில் ஒரு பெட்டி திறந்து, ‘இந்தப் பயிற்சியில் குறை ஏதும் உண்டா?’ என்று கேட்டது. யாரும் அதை நிரப்புவதில்லை. அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள்: ‘அடுப்பு என்று எழுதாதீர்கள். வீட்டில் சமைக்கிறவர்கள் தோற்றுப்போவார்கள்.’

அன்று மாலை சமையல் முடிந்ததும் கை தானாகக் கீழே போய்ச் சிலிண்டரை மூடியது. நீல நெருப்பு சுருங்கிச் சுருங்கித் தானே அணைந்தது.

“அம்மா, தோத்துட்ட!” என்று கத்தினாள் மகள்.

“இந்த வீட்ல நான் தோத்துக்கிட்டேதான்டி இருப்பேன்,” என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.